மனு எழுதப் படித்தவர்கள்

போன மே மாதம் என் சித்தப்பா மகள் பிளஸ் டூ மார்க் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். "அண்ணே, பி.ஏ. இங்கிலீசு போடலாம்னு இருக்கேன். அது படிச்சா என்ன வேலைக்குப் போவலாம்?" என்று கேட்டாள். நான் எம்.ஏ. தமிழ். கூட்டங்களில் ஒருமணி நேரம் பேசுகிறவன். அவளுக்குச் சொல்ல என்னிடம் ஒரு வாக்கியம் இல்லை.

எங்கள் சேரியில் இதுவரை அந்தப் பட்டம் வாங்கியவர்களை விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். ஏழு பேர். ஒருவர் தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றுவிட்டார். இரண்டு பேர் தனியார் பள்ளிக்கூட வாத்தியார்கள். ஒருத்தி கல்யாணமாகித் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறாள். ஒருவன் கார் ஓட்டுகிறான். ஒருவன் குடித்தே செத்துப்போனான். ஏழாவது ஆள் என் கூடப்பிறந்த அண்ணன். அவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். இந்த ஏழு பேரும் எந்தப் பாதையில் நடந்து எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதைத் தனித்தனி ஆட்களின் தலைவிதியாகப் பார்க்க எனக்கு மனசில்லை. அந்தப் பாதைக்கு நூற்றெழுபது, நூற்றெண்பது வருசச் சரித்திரம் இருக்கிறது.

1835இல் மெக்காலே குறிப்பு எழுதியதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். அதைவிட நம் விசயத்துக்கு முக்கியமானது 1844. இங்கிலீசு படித்தவர்களுக்கே அரசாங்க உத்தியோகத்தில் முன்னுரிமை என்று ஹார்டிஞ்ச் பிரபு அந்த வருசம்தான் அறிவித்தார். படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் போட்ட முடிச்சு அது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. அதன் முதல் இரண்டு பட்டதாரிகளில் ஒருவர் யாழ்ப்பாணத்து சி.வை. தாமோதரம் பிள்ளை. தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் அச்சில் ஏற்றியவர் என்று எங்கள் தமிழ்த்துறையில் அவரைக் கும்பிடுவோம். அவருக்குச் சோறு போட்டது அரசாங்கக் கணக்கு அலுவலகம். பட்டம் கணக்கெழுதப் போயிற்று, மிச்ச நேரம் தமிழுக்குப் போயிற்று.

இங்கிலீசு இலக்கியத்தைப் பாடமாக வைத்து நடத்துவது இங்கிலாந்தில் உறுதிப்படுவதற்கு முன்பே இந்தியக் கல்லூரிகளில் நடந்துவிட்டது என்று கௌரி விஸ்வநாதன் 1989இல் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். ஆக்ஸ்போர்டில் ஆங்கிலத்துக்கென்று தனிப் பட்டப்படிப்பு 1894இல்தான் வருகிறது. அதற்கு எத்தனையோ வருசம் முன்னாலேயே நம்மூர் அக்கிரகாரத்துப் பிள்ளைகள் ஷேக்ஸ்பியரை உருப்போட்டுத் தாசில்தார் ஆகிவிட்டார்கள்.

அந்த வகுப்பறையில் நம் ஆள் யாராவது உட்கார்ந்திருந்தாரா? உட்கார்ந்திருந்தார். இரட்டைமலை சீனிவாசன் 1939இல் வெளியிட்ட தம் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் கோயமுத்தூர் கல்லூரி நாட்களைச் சொல்கிறார். நானூறு மாணவர்களில் பத்துப்பேர் போக மற்ற எல்லாரும் பார்ப்பனர். யாரோடும் சினேகம் வைத்துக்கொள்ள அவருக்குப் பயம். பழகினால் எந்தத் தெரு, என்ன சாதி என்று கேட்பார்களே. ஆகவே வெளியிலேயே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்துவிட்டு, மணி அடித்தபின் உள்ளே போவார். வகுப்பு விட்டதும் யாரும் கிட்டே வருவதற்குள் வேகமாக நடந்துவிடுவார். இதை முதன்முதலில் படித்தபோது நான் முதுகலை இரண்டாம் ஆண்டு. விடுதியில், என் கட்டிலில். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வருசம் மட்டும்தான் மாறியிருந்தது.

அவருடைய இங்கிலீசு அவரை எங்கே கொண்டுபோனது என்று பாருங்கள். நீலகிரியில் வெள்ளைக்காரக் கம்பெனியில் கணக்கர். பிறகு சென்னை. 1893இல் 'பறையன்' பத்திரிகை. அதே வருசம் ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் ஒரே சமயத்தில் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது, லண்டன் பாராளுமன்றத்தின் கீழ்ச்சபையும் தீர்மானம் போட்டது. தேசியவாதிகளுக்கு அது வெற்றி. சேரிக்கு? இங்கிலீசு யார் கையில் இருக்கிறதோ அவன் கையிலேயே கலெக்டர் நாற்காலியும் வந்துவிடும். எனவேதான் சீனிவாசனும் அவருடைய மகாசபையும் அதை எதிர்த்து 3412 பேர் கையெழுத்தோடு 112 அடி நீளத்தில் மனு அனுப்பினார்கள். கையெழுத்துப் போடுவதற்கே ஆள் தேட வேண்டிய காலத்தில் 3412 பேர்! இதை தேசத் துரோகம் என்று இன்றைக்கும் முணுமுணுக்கிறவர்கள் உண்டு. முணுமுணுக்கட்டும்.

பின்பு தென்னாப்பிரிக்காவில் மொழிபெயர்ப்பாளர் வேலை. 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு. கணக்கு, மொழிபெயர்ப்பு, மனு. பள்ளி ஆசிரியராக இருந்து சட்டமன்ற உறுப்பினரான எம்.சி. ராஜா, ஒடுக்கப்பட்ட இந்துக்களைப் பற்றித் தம் புத்தகத்தை 1925இல் இங்கிலீசில்தான் எழுதினார். சேரி சனம் அதைப் படிக்க முடியாது என்று அவருக்குத் தெரியாதா? படிக்க வேண்டியவன் கோட்டையில் இருந்தான். நம்மவர்களுக்கு இங்கிலீசு ரசிப்பதற்கான இலக்கியமாக வரவில்லை. ஊர்க்காரனைத் தாண்டி மேலே இருக்கிறவனிடம் நேராகப் பேசுகிற வழியாக வந்தது. எங்கப்பா இந்தப் புத்தகம் எதையும் படித்ததில்லை. ஆனால் அண்ணனைக் காலேசில் சேர்க்கும்போது அவர் சொன்ன காரணம் இதேதான்: "இங்கிலீசு படி. கலெக்டருக்கு நம்மளே மனு எழுதலாம். கண்டவன் கிட்ட போய் நிக்க வேணாம்."

மெட்ரிக்குக்கு மேல் படிக்கிற தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கான உதவித்தொகை 1944இல் தொடங்குகிறது. அம்பேத்கர் அப்போது வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினர். சுதந்திரத்துக்குப் பிறகு மாவட்டத் தலைநகர்களில் அரசு கலைக் கல்லூரிகள் வந்தன. உதவித்தொகை, விடுதிச் சோறு, இடஒதுக்கீடு மூன்றும் சேர்ந்த பிறகுதான் எங்கள் தெருவில் இருந்து ஒருவர், தபால்கார மாமா, பி.யு.சி. படித்து 1977இல் பி.ஏ. இங்கிலீசு முடித்தார். டைப்ரைட்டிங் லோயர் முடித்த கையோடு வேலை. ரயில்வே, எல்.ஐ.சி., ஏ.ஜி. ஆபீஸ், கோர்ட்டு என்று அந்தக் காலத்தவர்கள் ஒருவாறு கரையேறினார்கள். மாமாவிடம், ஷேக்ஸ்பியர் ஞாபகம் இருக்குதா என்று ஒருதடவை கேட்டேன். "மணியார்டர் பாரம்தான்டா ஞாபகம் இருக்குது" என்றார்.

1991க்குப் பிறகு அந்தக் கரை உள்வாங்கிக்கொண்டது. பணியிடங்கள் நிரப்பப்படவில்லை, பொதுத்துறை சுருங்கியது, ஒதுக்கீடு இல்லாத தனியார் துறை பெருத்தது. நாம் கூட்டமாக வாசலுக்கு வந்து சேர்ந்த நேரத்தில் கதவைச் சாத்திவிட்டார்கள்.

அண்ணன் 2003இல் சேர்ந்தார். பன்னிரண்டு வருசம் தமிழ்வழி. முதல் நாள் சாசரைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார்கள். வாசிக்கச் சொன்னால் பேராசிரியர் கான்வென்டு பிள்ளைகளைத்தான் எழுப்புவார். பின்பெஞ்சில் இருந்தவர்களுக்கு பஜார் கைடுதான் கதி. அண்ணன் ராத்திரியில் தெருவிளக்கின் கீழ் நடந்துகொண்டே வேர்ட்ஸ்வொர்த்தைப் பற்றிய கட்டுரையைக் கமா, ஃபுல்ஸ்டாப்போடு மனப்பாடம் பண்ணுவார். டாபடில் பூவை அவர் பார்த்ததில்லை. அதை நடத்திய பேராசிரியரும் பார்த்ததில்லை என்றுதான் நினைக்கிறேன். இரண்டு அரியரோடு பட்டம் முடித்து, அதையும் எழுதித் தேறினார்.

சென்னைக்குப் போனார். அப்போது கால் சென்டர்களின் காலம். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டார். பேசச் சொன்னார்கள். ஐந்து நிமிசத்தில் அனுப்பிவிட்டார்கள். காரணத்தை மூன்றெழுத்தில் சொன்னார்களாம்: எம்.டி.ஐ. தாய்மொழிச் சாயல் என்று அர்த்தம். நாலு கம்பெனியில் இதே மூன்றெழுத்து. பி.எட். முடித்துவிட்டு மெட்ரிக்குலேஷன் பள்ளி ஒன்றில் 3500 ரூபாய்க்குச் சேர்ந்தார். நடு வருசத்தில் ஓடிவிடக் கூடாதென்று ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி பீரோவில் பூட்டிக்கொண்டார்கள்.

2012இல் ஆசிரியர் தகுதித் தேர்வு வந்தது. முதல் தேர்வில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. இரண்டாம் தாளில் கணிதம்-அறிவியல் அல்லது சமூக அறிவியல், இரண்டில் ஒன்றை எழுதியாக வேண்டும். ஆகவே இங்கிலீசு படித்த அண்ணன் வரலாறு, புவியியல் படிக்க உட்கார்ந்தார். 2013இல் தேறியும் விட்டார். பிறகு வெயிட்டேஜ் என்றார்கள். பிளஸ் டூ மார்க்கு, டிகிரி மார்க்கு எல்லாவற்றையும் எடுத்துக் கூட்டினார்கள். அந்த இரண்டு அரியர் அங்கே வந்து நின்றது. 2018இல் தகுதித் தேர்வு மட்டும் போதாது, இன்னொரு போட்டித் தேர்வும் உண்டு என்று அரசாணை போட்டார்கள்.

சரி, குரூப் தேர்வு எழுதலாம் என்று பார்த்தார். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்திருந்தது. நல்ல சட்டம், நாமெல்லாம் வரவேற்றோம். பட்டம் கேட்கிற வேலைக்குப் பட்டத்தையும் தமிழ்வழியில் வாங்கியிருக்க வேண்டும் என்பது விதி. பி.ஏ. இங்கிலீசைத் தமிழ்வழியில் எப்படிப் படிப்பது? சென்னைக் கம்பெனிக்காரன் உன் இங்கிலீசில் தமிழ் வாடை அடிக்கிறது என்று துரத்தினான். அரசாங்கமோ நீ தமிழ்வழி இல்லை என்றது. அண்ணன் அந்த விண்ணப்பத்தைக் காட்டி என்னிடம் கேட்டார்: "அப்ப நான் எந்த மொழிடா?" நான் தமிழ் படித்தவன், பதில் சொல்ல வேண்டியவன். சும்மா இருந்தேன். என் கதையையும் இங்கே மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நான் தமிழ் எடுத்தது மொழிப்பற்றினால் அல்ல. மார்க்குக் குறைவு, மிச்சம் இருந்த இடம் அதுதான். எனக்கு அந்த 20 சதவீதம் உண்டு.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். என்னோடு படித்த விடுதிக் காலத்துத் தோழி, இங்கிலீசில் முனைவர் பட்டம். ஆய்வு பாமாவின் 'கருக்கு' பற்றி. 1992இல் வந்த புத்தகம் லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் மொழிபெயர்ப்பில் 2000இல் இங்கிலீசுக்குப் போய், அங்கிருந்து கல்லூரிப் பாடத்திட்டங்களுக்குத் திரும்பி வந்தது. சேரியில் பிறந்தவள் சேரியைப் பற்றி இங்கிலீசில் நடத்துகிறாள். முதல் வகுப்பில் ஒரு பெண் எழுந்து, "மேடம், இதெல்லாம் இப்பவும் நடக்குதா?" என்று கேட்டிருக்கிறாள். பின்பெஞ்சில் இரண்டு பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்களாம். தோழி சொன்னாள்: "யாருன்னு எனக்குத் தெரிஞ்சிபோச்சு. அவங்களுக்கும் என்னைத் தெரிஞ்சிபோச்சு." கோயமுத்தூர் கல்லூரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த ஆள் எனக்கு மறுபடி கண்ணில் வந்தார். தோழி கௌரவ விரிவுரையாளர். அந்தக் கௌரவத்துக்கு மே மாதம் சம்பளம் கிடையாது. வகுப்புக்கு 1500 வீதம் மாதம் 50,000 வரை தரலாம் என்று யு.ஜி.சி. 2019இல் சொன்னது. 2022இல் அவள் கையில் வாங்கியது 20,000.

வடக்கே வேறு விதமாக யோசிக்கிறார்கள். சந்திரபான் பிரசாத் 2010இல் உத்தரப்பிரதேசம் லக்கிம்பூர் கேரி மாவட்டத்து பாங்கா கிராமத்தில் ஆங்கிலத் தாய்க்குக் கோயில் கட்டத் தொடங்கினார். நிர்வாகம் நிறுத்திவிட்டது. சாமி வேண்டாம் என்பது என் கட்சி. இருந்தாலும் தம் பேரப்பிள்ளையை சி.பி.எஸ்.இ.யில் சேர்த்துவிட்டு நமக்குத் தமிழ்வழி உபதேசிக்கிற பெருமக்களைவிட அந்தக் கோயில் எவ்வளவோ நேர்மையானது. மராட்டியத்தில் அறுபதுகளில் நடந்ததுதான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. அமெரிக்காவில் ஆங்கில இலக்கியம் ஆய்ந்து திரும்பிய எம்.என். வான்கடே, அவுரங்காபாத்தில் அம்பேத்கர் உண்டாக்கிய மிலிந்த் கல்லூரிக்கு வந்து, கறுப்பர்களின் இலக்கியத்தை நம் பிள்ளைகள் முன்னால் வைத்தார். ஆங்கிலப் பட்டம் அங்கே தலித் இலக்கியத்துக்கு ஒரு வாசலைத் திறந்துவிட்டது. அதற்கு அம்பேத்கர் கட்டிய ஒரு கல்லூரி தேவைப்பட்டது. நம்மிடம் அப்படி ஒன்று இருக்கிறதா?

அண்ணன் இப்போது தாலுக்கா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். பட்டா, முதியோர் பென்சன், வன்கொடுமைப் புகார், எல்லா மனுவும் அவர்தான் எழுதுகிறார். கலெக்டருக்குத் தமிழில், ஆணையத்துக்கு இங்கிலீசில். நம் சனத்திடம் புகாருக்குக் காசு வாங்குவதில்லை. பஞ்சமி நிலம் பற்றி 2021இல் அவர் எழுதிய மனு ஒன்று தாசில்தார் மேசையில் இன்னும் கிடக்கிறது. அதன் இங்கிலீசை மாவட்ட வக்கீல் ஒருவர் மெச்சினார். எங்கப்பா கேட்டது நடந்துவிட்டது என்றும் சொல்லலாம்.

சித்தப்பா மகளை அவர் கடைக்கே கூட்டிப்போனேன். அரசு கல்லூரி விண்ணப்பம் கம்ப்யூட்டரில்தானே. எஸ்.சி.க்கு 2 ரூபாய். அண்ணன் எல்லாவற்றையும் அடித்துவிட்டு, முதல் பாடம் என்ற இடத்தில் நிறுத்தி அவளைப் பார்த்தார். எங்கள் ஏழு பேர் கதையையும் வழியெல்லாம் சொல்லித்தான் கூட்டிவந்திருந்தேன்.

"இங்கிலீசே போடுண்ணே," என்றாள். "டைப்பிங்கும் பேச்சும் முதல் வருசமே சேர்றேன். நீ சாயங்காலம் கடையில எனக்கு கிராமர் சொல்லிக் குடு."

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அடிக்க ஆரம்பித்தார்.