வயிறு வீங்கிய கொள்ளளவிகள்: கணினிகளைச் சாகடித்த ஒரு கொள்ளைநோயின் வரலாறு

பழைய கணினி ஒன்று அடிக்கடி நின்று போனால் நாம் யாரைக் குற்றம் சொல்வோம்? முதலில் வைரஸை. பிறகு வின்டோஸை. கடைசியாக அதன் முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளையை. "நீ எதை அமத்தின?" என்ற கேள்வி கேட்கப்படாத வீடும் இல்லை, கணினி கூடமும் இல்லை.

ஆனால் ஏறக்குறைய 1999 முதல் 2007 வரை தயாரான கணினிகளில் பெருந்தொகையானவை கெட்டுப்போனதற்கு வைரஸும் காரணமில்லை, பிள்ளைகளும் காரணமில்லை. விரல் நுனியளவு உள்ள ஓர் உதிரிப்பாகம்தான் காரணம். உலகம் அதை "கெப்பாசிட்டர் பிளேக்" என்று அழைத்தது. நாம் கொள்ளளவிக் கொள்ளைநோய் என்று சொல்லலாம். தொழில்நுட்ப வரலாற்றில் இது ஒரு சின்ன அத்தியாயம்தான். ஆனாலும் ஆசிரியர்களும் பெற்றோரும் அறிந்திருக்க வேண்டிய அத்தியாயம்.

முதலில் பாடம்.

உயர்தரப் பௌதிகவியலில் நாம் கொள்ளளவி என்று படிப்பிப்பதும், ரிப்பெயார் கடைகளில் கெப்பாசிட்டர் என்று சொல்வதும் ஒன்றுதான். மின்னேற்றத்தைச் சேமித்து, தேவைப்படும்போது விடும் பாகம் அது. வீட்டுக்கு மேலே தண்ணீர்த் தாங்கி வைக்கிறோம் அல்லவா? குழாயில் தண்ணீர் விட்டு விட்டு வந்தாலும், தாங்கி இருந்தால் கீழே ஒரே சீராக வரும். கொள்ளளவி செய்வதும் அந்த வேலைதான்.

கணினியின் பவர் சப்ளை தாய்ப்பலகைக்கு 12 வோல்ட், 5 வோல்ட் என்று கொடுக்கிறது. புரொசஸருக்கு வேண்டியதோ சுமார் ஒன்றரை வோல்ட்தான். 2000ஆம் ஆண்டு நவம்பரில் வந்த பென்டியம் 4 போன்ற புரொசஸர்கள் 50 வாட்டுக்கு மேல் வலு எடுத்தன. ஐம்பதை ஒன்றரையால் வகுத்துப் பாருங்கள். 33 அம்பியர் வரும்! இவ்வளவு பெரிய ஓட்டத்தை ஏற்ற இறக்கமில்லாமல் கொடுப்பதற்குத்தான் புரொசஸரைச் சுற்றி உருளை வடிவக் கொள்ளளவிகளை வரிசையாக நட்டு வைத்தார்கள்.

இந்த உருளைகளுக்குள் அலுமினியத் தகடும், அதன் மேல் மிக மெல்லிய ஒட்சைட்டுப் படலமும், மின்பகு திரவம் ஊறிய கடதாசியும் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். போலந்துக்காரரான கரோல் பொல்லாக் இதன் அடிப்படையை 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கண்டுபிடித்துவிட்டார். நூறு வருடங்களாக எவருக்கும் பெரிய தொந்தரவு கொடுக்காத பொருள் அது.

1990களின் பிற்பகுதியில் புரொசஸர்கள் அதிக ஓட்டம் கேட்கத் தொடங்கின. உள்தடை குறைந்த கொள்ளளவிகள் தேவைப்பட்டன. ஜப்பானிய நிறுவனங்கள் ஒரு வழி கண்டன. மின்பகு திரவத்தில் தண்ணீரின் பங்கைக் கூட்டினார்கள், சில வகைகளில் 70 சதவீதம் வரை. தண்ணீர் மலிவு, அது கூடிய மின்பகு திரவம் மின்னை நன்றாகவும் கடத்தும். ஆனால் ஓர் ஆபத்து இருந்தது. தண்ணீர் அலுமினியத்தைத் தாக்கும். அலுமினியம் ஐதரொட்சைட்டாக மாறும், ஐதரசன் வாயு வெளிவரும். இதைத் தடுக்க வேறு சில இரசாயனங்களை மிகச் சரியான அளவில் சேர்க்க வேண்டும். அந்தச் சேர்க்கைதான் தொழில் இரகசியம்.

சேர்க்கை பிழைத்தால் என்ன நடக்கும்? மூடிய உருளைக்குள் வாயு சேரும். உருளையின் தலை வீங்கும். அந்தத் தலையில் கத்தியால் கீறியதுபோல் ஒரு கோடு போட்டிருப்பார்கள், அமுக்கம் கூடினால் வெடிக்காமல் அந்த இடத்தில் பிளக்கட்டும் என்று. அது பிளந்து, உள்ளிருக்கும் திரவம் கசிந்து, பழுப்பு நிறத்தில் காய்ந்து கிடக்கும்.

2002, 2003இல் இந்த விடயம் பகிரங்கமானது. தாய்வானில் தயாரான தாய்ப்பலகைகள் ஓரிரு வருடங்களிலேயே சாகத் தொடங்கின. ஏபிட் என்ற தாய்வான் நிறுவனம் பிரச்சினையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. பலர் வாயே திறக்கவில்லை.

அப்போது ஒரு கதை பரவியது. ஜப்பானிய நிறுவனம் ஒன்றில் வேலை செய்த விஞ்ஞானி ஒருவர் சீனாவிலுள்ள நிறுவனத்துக்குப் போய் அதே திரவத்தைத் தயாரித்தாராம். அங்கிருந்த ஊழியர்கள் அந்தச் சூத்திரத்தைத் தாய்வானுக்குக் கொண்டு போனார்களாம். ஆனால் சூத்திரம் முழுமையாக இல்லையாம், பாதுகாப்பு இரசாயனங்கள் விடுபட்டிருந்தனவாம். துறைசார் சஞ்சிகைகள் இதை எழுதின. கேட்பதற்குத் துப்பறியும் நாவல் மாதிரி இருக்கிறது. இன்றுவரை யாரும் இதை நீதிமன்றத்தில் நிரூபிக்கவில்லை. பழுதான கொள்ளளவிகளைத் திறந்து ஆராய்ந்தவர்கள் ஒன்றை மட்டும் உறுதியாகச் சொன்னார்கள்: சேர்க்கப்பட வேண்டிய இரசாயனங்கள் இல்லை, அல்லது போதவில்லை.

ஆனால் உலகம் "தாய்வான் சாமான் என்றால் இப்படித்தான்" என்று தீர்ப்பு எழுதிவிட்டது. ஒரு கூட்டத்துக்கே பெயர் வைப்பது எவ்வளவு இலேசான வேலை என்பது நமக்குத் தெரியாதா என்ன?

இந்த இடத்தில்தான் கதை திரும்புகிறது.

அமெரிக்காவின் டெல் நிறுவனம் 2003 மே முதல் 2005 ஜூலை வரை விற்ற ஒப்டிபிளெக்ஸ் வகைக் கணினிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. இவை பாடசாலைகளும் அலுவலகங்களும் விரும்பி வாங்கிய மேசைக் கணினிகள். அவற்றில் இருந்த பழுதான கொள்ளளவிகளைச் செய்தது தாய்வான் அல்ல. ஜப்பானின் புகழ்பெற்ற நிச்சிக்கோன் நிறுவனம். திருட்டுச் சூத்திரமும் இல்லை, மலிவுச் சாமானும் இல்லை. நல்ல பெயர் உள்ள தொழிற்சாலையில் நடந்த பிழை.

2005இல் டெல் இந்தப் பழுதுக்காக 30 கோடி டொலரை ஒதுக்கியது. தாய்ப்பலகைகளுக்கான உத்தரவாதக் காலத்தையும் நீடித்தது. ஆனால் வாடிக்கையாளர்களிடம் உண்மை நேராகச் சொல்லப்பட்டதா? 2007இல் ஏஐடி என்ற இணையச் சேவை நிறுவனம் டெல்லுக்கு எதிராக வழக்குப் போட்டது. அவர்கள் வாங்கியவை சுமார் 2000 கணினிகள். அந்த வழக்கின் ஆவணங்கள் 2010இல் வெளிவந்தபோது நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை அவற்றை விரிவாக எழுதியது. பாதிப்புக்குள்ளாகக் கூடிய கணினிகள் 1 கோடி 18 இலட்சம் என்று அதில் இருந்தது. பழுது பற்றி வாடிக்கையாளர்களிடம் எப்படிப் பேச வேண்டும், எந்தச் சொல்லைத் தவிர்க்க வேண்டும் என்று ஊழியர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. பழுதான பலகையைக் கழற்றிவிட்டு அதே பழுதுள்ள இன்னொரு பலகையை மாட்டிய சம்பவங்களும் இருந்தன.

ஆசிரியர்களாகிய நமக்கு இதில் ஒரு விடயம் முக்கியம். டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறையும் கணினிகள் சாகின்றன என்று முறையிட்டது. கடினமான கணக்குகளைச் செய்ய வைத்துக் கணினிகளுக்கு அதிக சுமை கொடுத்துவிட்டீர்கள் என்பதுதான் அவர்களுக்குக் கிடைத்த பதில்! கணக்குப் போடுவதற்கென்றே பிறந்த இயந்திரம், கணக்குப் போட்டதால் செத்ததாம்.

ஆப்பிளும் தப்பவில்லை. 2004இல் வந்த ஐமெக் ஜி5 கணினிகளில் திரை குழம்பியது, கோடுகள் விழுந்தன, சிலவற்றில் படமே வரவில்லை. 2005இல் ஆப்பிள், வீடியோ மற்றும் மின்வலுக் கோளாறுகளுக்கென்று ஒரு விசேட திருத்தத் திட்டத்தை அறிவித்தது.

கொள்ளளவி கெட்டால் திரை ஏன் குழம்ப வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். கொள்ளளவி பலவீனமானால் வோல்ட்டளவு ஆடும். கிரபிக்ஸ் சிப்புக்குப் போகும் வோல்ட்டளவு ஆடினால் படம் குழம்பும். நினைவகத்துக்கும் புரொசஸருக்கும் போவது ஆடினால் 0 என்பது 1 ஆகும், 1 என்பது 0 ஆகும். நீலத் திரை வரும், கணினி உறையும், தானாக ரீஸ்டார்ட் ஆகும். நோய் ஒன்று, அறிகுறி பல. அதனால்தான் ஆட்கள் வின்டோஸைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள், ரெமை மாற்றினார்கள், புது மொனிட்டரும் வாங்கினார்கள். பணம் போனது, நோய் போகவில்லை.

இன்னொரு அறிகுறி. காலையில் நாலைந்து தடவை பட்டனை அமத்தினால்தான் கணினி எழும்பும். எழும்பிச் சூடான பிறகு பிரச்சினையில்லை. குளிர்ந்திருக்கும்போது இந்தத் திரவக் கொள்ளளவிகளின் உள்தடை கூடும், சூடானால் குறையும் என்பதுதான் இதற்குக் காரணம். பேயும் இல்லை, பிசாசும் இல்லை.

நல்ல கொள்ளளவிக்கும் ஆயுள் உண்டு. 105 பாகை செல்சியஸில் 2000 மணித்தியாலம் என்று குறித்திருப்பார்கள். வெப்பம் 10 பாகை குறையக் குறைய ஆயுள் இரட்டிப்பாகும் என்பது துறையில் உள்ள பொது விதி. அப்படியானால் 75 பாகையில் 16,000 மணித்தியாலம். நாளொன்றுக்கு 8 மணித்தியாலம் ஓடினால் ஐந்து வருடங்களுக்கு மேல். தூசி அடைத்து, விசிறி சுற்றாமல், நம்முடைய ஊர் வெயிலில் தகரக் கூரையின் கீழ் ஓடினால் கணக்கு வேறு. தூசி தட்டுவது அழகுக்காக மட்டுமல்ல.

கொள்ளைநோய் தணிந்த விதமும் நல்ல பாடம். உற்பத்தியாளர்கள் திரவமே இல்லாத திண்மப் பொலிமர்க் கொள்ளளவிகளுக்கு மாறினார்கள். 2007 அளவில் அதையே விளம்பரமாகத் தாய்ப்பலகைப் பெட்டிகளில் அச்சடித்தார்கள்.

உங்கள் வீட்டிலோ பாடசாலையிலோ அந்தக் காலத்துக் கணினி இன்னும் மூலையில் கிடந்தால் இப்படிச் செய்து பாருங்கள். பிளக்கைக் கழற்றுங்கள். சற்று நேரம் விட்டுப் பக்க மூடியைத் திறவுங்கள். புரொசஸரைச் சுற்றியும் கிரபிக்ஸ் அட்டையிலும் உள்ள உருளைகளின் தலையை டோர்ச் அடித்துப் பாருங்கள். தட்டையாக இருந்தால் அநேகமாக நல்லது. வீங்கியோ கசிந்தோ இருந்தால் நோய் அதுதான். அதே கொள்ளளவமும், அதே அளவோ அதற்குக் கூடவோ வோல்ட்டும் உள்ள, உள்தடை குறைந்த வகையை வாங்கி, மறை முனை மாறாமல், கைபழகிய ஒருவரைக் கொண்டு ஈயம் ஒட்டுவியுங்கள். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் நீங்களாகத் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதற்குள் ஆளைக் கொல்லக்கூடிய மின்னேற்றம் தங்கியிருக்கும்.

திறந்து பார்ப்பதற்குப் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்தைச் செலவழிக்காமல் எத்தனை பிள்ளைகளிடம் "நீதானே உடைச்ச?" என்று கேட்டிருப்பார்கள்? ஒரு பல்கலைக்கழகத்தின் கணிதத் துறைக்கே அந்தக் குற்றச்சாட்டு வந்தது. தரம் ஆறில் படிக்கும் பிள்ளை அதற்கு என்ன பதில் சொல்லும்?