பனிச்சரிவு

பனிச்சரிவு என்பது மலைச்சரிவில் படிந்த பனித்திரள் பிடிப்பிழந்து கீழ்நோக்கிப் பாய்வது. குளிர்கால மலையேற்றத்தின் பெரும் ஆபத்துகளுள் ஒன்று.

காரணம்: பனி அடுக்கடுக்காகப் படிகிறது. உள்ளே வலுவற்ற அடுக்கு ஒன்று இருந்தால், புதுப்பனியின் எடையோ மலையேறுபவரின் காலடியோ அதை முறிக்க, மேலுள்ள பாளம் முழுவதும் பெயர்ந்து சரியும். 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளில் இது மிகுதி. காற்று பனியை வாரிக் குவிக்கும் மறைவுப் பக்கங்களும், கடும் பனிப்பொழிவை அடுத்த நாள்களும், திடீர் வெப்ப உயர்வும் ஆபத்தைக் கூட்டும்.

முன்னெச்சரிக்கை: ஐரோப்பாவில் ஆபத்தின் அளவு 1 முதல் 5 வரையான நிலைகளில் அறிவிக்கப்படுகிறது. புதையுண்டவரின் இடத்தைக் கண்டறிய உதவும் அலைபரப்பிக் கருவி, துழாவுகோல், மண்வாரி ஆகிய மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். புதையுண்டவர் பெரும்பாலும் மூச்சுத்திணறியே இறப்பதால், முதல் சில நிமிடங்களில் உடனிருப்போர் தோண்டுவதே உயிர்காக்கும்.

நிகழ்வுகள்: 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சின் பனியாற்றில் இந்தியத் தரைப்படையின் மதராஸ் படைப்பிரிவின் வீரர் பதின்மர் புதையுண்டனர். அவர்களுள் தமிழரும் இருந்தனர். 2022 அக்டோபர் 4 அன்று உத்தரகாண்டின் திரௌபதி கா தண்டா-2 சிகரத்தில் பயிற்சி மலையேற்றக் குழுவினர் பலர் பனிச்சரிவில் சிக்கி உயிரிழந்தனர்.