நாடற்றோருக்கு ஒரு சீட்டு

போர்கள் முடிந்தபின் எழுதப்படும் வரலாறுகள், வென்றவர் யார், தோற்றவர் யார், எந்த எல்லைக்கோடு எங்கே நகர்ந்தது என்பவற்றை விரிவாக உரைக்கின்றன. அந்த எல்லைக்கோட்டின் இருமருங்கிலும் வாழ்ந்த மக்கள் பின்னர் எங்கே சென்றார்கள் என்பதற்கு அவற்றில் ஒரு பத்திகூட இருப்பது அரிது. ஊரை இழந்து வருவோரை ஏற்பதும் மறுப்பதும் அந்தந்த நாட்டு அரசின் உரிமையாகவே என்றும் கருதப்பட்டு வந்திருக்கிறது. அவ்வாறாயின், சொந்தமாகப் படையும் இல்லாத, ஒரு முழம் நிலமும் இல்லாத ஒரு சர்வதேச நிறுவனம் இவ்விஷயத்தில் என்ன செய்ய இயலும்? இக்கேள்விக்கு விடை காண, முதல் உலகப் போரை அடுத்த பத்தாண்டுகளை நாம் சற்றே திரும்பிப் பார்த்தல் வேண்டும்.

1917-ஆம் ஆண்டில் ருஷ்யாவில் புரட்சி நிகழ்ந்தது. அதனைத் தொடர்ந்து உள்நாட்டுப் போர் மூண்டது. 1920 நவம்பரில், தோல்வியுற்ற ராங்கல் தளபதியின் படையினரும் அவர்தம் குடும்பத்தினருமாக ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் கிரைமியாவிலிருந்து கப்பலேறி, கான்ஸ்டாண்டிநோபிள் துறைமுகத்தை அடைந்தனர். வேறு வழிகளில் போலந்துக்கும் ஜெர்மனிக்கும் பால்கன் நாடுகளுக்கும் சென்றவர்களையும் சேர்த்தால் தொகை பத்து லட்சத்தைத் தாண்டியது. செஞ்சிலுவைச் சங்கம் போன்ற அறநிலையங்கள் தம்மால் இயன்ற அளவு சோறும் துணியும் அளித்தன. ஆயினும் இது தனியார் தருமத்தால் தீரக்கூடிய துன்பமன்று என்பது விரைவில் புலனாயிற்று. 1921 பிப்ரவரியில் சர்வதேசச் செஞ்சிலுவைக் குழுவின் தலைவர் குஸ்தாவ் அடோர், இப்பொறுப்பை ஏற்க ஓர் உயர் ஆணையரை நியமிக்குமாறு சர்வதேச சங்கத்துக்கு எழுதினார். அவ்வாண்டிலேயே அப்பதவியை ஏற்றவர் நார்வே நாட்டினரான பிரிட்ஜோப் நான்சன்.

நான்சன் அரசியலிலேயே வளர்ந்தவர் அல்லர். 1888-இல் கிரீன்லாந்தின் பனிப்பரப்பைக் குறுக்கே கடந்தும், 1893 முதல் 1896 வரை 'பிராம்' என்னும் கப்பலில் வட துருவக் கடலை ஆராய்ந்தும் புகழ் பெற்ற அறிஞர் அவர். 1920 முதல் 1922 வரை, போர்க் கைதிகளாய்ச் சிக்கியிருந்த நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தத்தம் நாட்டில் சேர்ப்பித்த பெருமையும் அவருக்கு உண்டு. ஆனால் கைதிகளுக்குத் திரும்பிச் செல்ல ஒரு நாடு இருந்தது. அகதிகளுக்கோ அது இல்லை. 1921 டிசம்பரில் சோவியத் அரசு ஓர் ஆணை பிறப்பித்து, வெளியேறியோரில் பெரும்பாலோரின் குடியுரிமையை நீக்கிவிட்டது. அன்றுமுதல் அவர்கள் எந்த நாட்டுக்கும் உரியவர் அல்லர்.

இதன் பொருள் என்ன என்பதைப் பள்ளிக்கூடத்தில் பணியாற்றியோர் எளிதில் உணர்வர். முற்காலத்தில் மாற்றுச் சான்றிதழ் இல்லாமல் ஒரு மாணவன் வந்து நின்றால், அவன் எவ்வளவு கெட்டிக்காரனாயினும், தலைமையாசிரியருக்கு எவ்வளவு இரக்கம் இருப்பினும், அவனைப் பதிவேட்டில் சேர்க்க வழியில்லாதிருந்தது. பழைய பள்ளி மூடப்பட்டுவிட்டதென்றால் சான்றிதழ் தருவார் யார்? ருஷ்ய அகதியின் நிலை அதுவே. போருக்குப் பின் பிரான்சில் சுரங்கங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் ஆள் தேவைப்பட்டது. கான்ஸ்டாண்டிநோபிளிலோ வேலையின்றி ஆயிரமாயிரம் பேர் பசித்திருந்தனர். இரண்டுக்கும் இடையே தடையாய் நின்றது ஒரு காகிதம்.

1922 ஜூலையில் ஜெனிவாவில் கூடிய அரசுகளின் மாநாட்டில் அக்காகிதம் பிறந்தது. 'நான்சன் பாஸ்போர்ட்' என்று உலகம் அதனை அழைத்தது. சர்வதேச சங்கம் தானே அதனை வழங்கவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது. அகதி எந்நாட்டில் தங்கியிருக்கிறாரோ அந்நாட்டு அரசே வழங்கும். பிற நாடுகள் அதனை ஏற்கும். அதன் வடிவத்தையும் விதிகளையும் வகுத்துத் தந்ததே சங்கத்தின் பணி. எந்த அரசின் உரிமையும் இதனால் குறையவில்லை. ஆகவேதான் அரசுகள் இணங்கின. 1924-இல் ஆர்மீனியருக்கும், 1928-இல் அஸ்ஸீரியர் முதலியோருக்கும் இவ்வசதி விரிவாக்கப்பட்டது. ஐம்பதுக்கு மேற்பட்ட அரசுகள் இதனை ஏற்றன. ஏறத்தாழ நான்கரை லட்சம் சீட்டுகள் வழங்கப்பட்டன என்பர்.

சங்கம் அலுவலகச் செலவுக்கு மட்டுமே பணம் தந்தது. துயர்நீக்கும் பணிக்கு அன்று. ஆதலால் 1926-இல் ஓர் உபாயம் வகுக்கப்பட்டது. வசதியுள்ள அகதி தம் சீட்டைப் புதுப்பிக்கும்போது, ஐந்து தங்க பிராங்கு மதிப்புள்ள நான்சன் முத்திரையை அதில் ஒட்டுவார். அத்தொகை வசதியற்ற அகதிகளுக்குப் பயன்படும். 1925 முதல் 1929 வரை சர்வதேசத் தொழிலாளர் அலுவலகம் மற்றொரு துணை புரிந்தது. எந்த நாட்டில் எத்தொழிலுக்கு ஆள் வேண்டும் என்று விசாரித்து, அத்தொழில் அறிந்த அகதிகளை அங்கே அனுப்பி வைத்தது.

இச்சீட்டில் குறைகளும் இருந்தன. தொடக்கத்தில், அதனைக் காட்டி வெளியேறியவர் வழங்கிய நாட்டுக்கே திரும்பி வரும் உரிமை பெற்றிலர். எழுத்தாளர் நபக்கோவ் இச்சீட்டுடன் அலைந்தவர்களுள் ஒருவர். அதனை நீட்டியபோதெல்லாம் அதிகாரிகள் காட்டிய அலட்சியத்தைத் தம் நினைவு நூலில் கசப்புடன் குறித்திருக்கிறார். எனினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. அச்சீட்டைப் பெற்றவர், எங்கே போகலாம் என்று தாமே எண்ணிப் பார்க்கக் கூடியவரானார்.

இனி, அதே காலத்தில், அதே நான்சன் தொடர்புகொண்ட வேறொரு நிகழ்ச்சியைக் காண்போம். 1922-இல் கிரீஸ் நாட்டுப் படை ஆசியா மைனரில் துருக்கியரிடம் தோற்றது. லட்சக்கணக்கான கிரேக்கக் கிறிஸ்தவர்கள் கடல் கடந்து ஓடினர். இருநாட்டு மக்களையும் பரிமாறிக்கொள்ளலாம் என்னும் யோசனையை லோசான் மாநாட்டின்முன் வைத்தவர்களுள் நான்சனும் ஒருவர். 1923 ஜனவரி 30-ஆம் நாள் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. துருக்கியில் இருந்த கிரேக்க வைதிகக் கிறிஸ்தவரும், கிரீஸில் இருந்த முஸ்லிம்களும், சில பகுதியினர் நீங்கலாக, கட்டாயமாக இடம் மாற வேண்டும். அரசின் அனுமதியின்றித் திரும்பலாகாது. முன்னரே ஓடிவந்தோரையும் சேர்த்து ஏறத்தாழ பன்னிரண்டு லட்சம் பேர் கிரீஸைச் சேர்ந்தனர்; மூன்றரை லட்சத்துக்குக் குறையாத முஸ்லிம்கள் துருக்கியைச் சேர்ந்தனர்.

மக்களைப் பிரித்த அளவுகோல் மொழியன்று, சமயம். ஆகவே துருக்கி மொழியன்றி வேறு அறியாத கப்படோசியாவின் கிறிஸ்தவர்கள், 'தாய்நாடு' என்று சொல்லப்பட்ட கிரீஸில் அந்நியராய் இறங்கினர். கிரேக்க மொழியே பேசிய கிரீட் தீவின் முஸ்லிம்கள் துருக்கியில் அவ்வாறே திகைத்து நின்றனர். மாநாட்டின் முன்னணியில் நின்ற பிரிட்டிஷ் வெளிநாட்டமைச்சர், நம் நாட்டில் வங்கத்தைப் பிரித்த அதே கர்ஸன் பிரபு. அவரே இதனைத் தீய வழி என்று கண்டித்தார், கண்டித்துக்கொண்டே இசைந்தார்.

வந்தவர்களைக் குடியமர்த்திய முயற்சியில் பாராட்டத்தக்கன உண்டு. சர்வதேச சங்கத்தின் ஆதரவில் 1923-இல் அகதிகள் குடியேற்றக் கமிஷன் அமைந்தது. நால்வர் கொண்ட அக்கமிஷனில் இருவர் கிரீஸ் அரசின் நியமனம், தலைவர் அமெரிக்கர். கிரீஸ் அரசு ஐந்து லட்சம் ஹெக்டேர் நிலம் ஒதுக்க இசைந்தது. 1924-இல் சங்கத்தின் ஆதரவோடு லண்டன், நியூயார்க், ஏதென்ஸ் சந்தைகளில் 7 சதவீத வட்டிக்குக் கடன் திரட்டப்பட்டது. வீடுகளும் கிராமங்களும் எழுந்தன. 1928-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி கிரீஸின் மக்களுள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் அகதி. அத்தனை பெரிய சுமையைத் தனித்துத் தாங்க அச்சிறு நாட்டால் இயன்றிராது.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் ஒழுங்கு இருந்தது, திட்டம் இருந்தது, பணமும் நிபுணரும் வந்தனர். எனினும் இரண்டும் ஒன்றல்ல. முன்னதில் சீட்டு மனிதனின் கையில் இருந்தது. பின்னதில் மனிதன் அரசின் பட்டியலில் இருந்தான். ஒழுங்கு வேறு, இரக்கம் வேறு. ஒழுங்காகச் செய்யப்பட்டதனாலேயே ஒரு செயல் மனிதத்தன்மை உடையதாகிவிடாது. செல்பவனின் விருப்பம் கேட்கப்பட்டதா என்பதே உரைகல்.

நான்சன் 1930-இல் மறைந்தார். அவர் பெயரால் அமைந்த அலுவலகம் 1938-இல் நோபல் சமாதானப் பரிசு பெற்றது. அவ்வாண்டு ஜூலையிலேதான், ஜெர்மனியிலிருந்து வெளியேற விழைந்த யூதருக்கு இடம் தேட எவியான் நகரில் 32 நாடுகள் கூடி, அனுதாபம் தெரிவித்து, பெரும்பாலும் கதவை அடைத்தே கலைந்தன. அரசுகள் மனம் வைக்காதபோது எந்த நிறுவனமும் கையற்று நிற்கும் என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று வேண்டுவதில்லை.

அப்பாடத்தின் பின்னரே, 1951-இல் அகதிகள் பற்றிய ஜெனிவா ஒப்பந்தம் உருவாயிற்று. உயிருக்கு ஆபத்துள்ள இடத்துக்கு எவரையும் திருப்பி அனுப்பலாகாது என்பது அதன் உயிர்நாடி. நான்சன் சீட்டின் வாரிசான பிரயாணப் பத்திரமும் அதில் இடம் பெற்றது. ஐக்கிய நாடுகளின் அகதிகள் உயர் ஆணையமும், அவ்வாண்டு பிரஸ்ஸல்ஸில் தோன்றி இன்று சர்வதேசக் குடிபெயர்வு அமைப்பு என வழங்கும் நிறுவனமும் அப்போதே பணி தொடங்கின. 1956-இல் ஹங்கேரியிலிருந்து ஏறத்தாழ ஒரு லட்சத்து எண்பதாயிரம் பேர் ஆஸ்திரியாவுக்குள் புகுந்தபோது, அவர்களுள் பெரும்பாலோரைப் பல நாடுகளுக்கும் பிரித்தனுப்ப இவை துணைநின்றன.

இந்தியா அவ்வொப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. ஆயினும் 1992-இல், தமிழகத்திலிருந்து இலங்கை அகதிகள் திரும்பியபோது, அவர்கள் மனமுவந்து செல்கிறார்களா என்று விசாரிக்க அவ்வாணையத்தின் அலுவலகம் சென்னையில் அமைந்தது. கப்பலேறும் முன்பு ஓர் அலுவலர் கேட்கும் அந்தச் சிறு கேள்வியை லோசானில் எவரும் கேட்கவில்லை. 1923-க்கும் 1992-க்கும் இடையே உலகம் கற்றுக்கொண்டது சிறிதேயாயினும், அது அக்கேள்விதான். கேட்பதோடு நில்லாமல், வரும் விடைக்கு அரசுகள் செவிசாய்க்கும் அளவே அதன் பயனும் அமையும்.