பால்கன் போரும் முஹாஜிர்களும்

கிலாஃபத் இயக்கத்தின் வரலாற்றை எழுதுவோர், டாக்டர் முக்தார் அஹ்மத் அன்சாரி 1912 டிசம்பரில் மருத்துவத் தூதுக்குழுவொன்றுடன் பம்பாயிலிருந்து துருக்கிக்குக் கப்பலேறியதை ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுகின்றனர். பின்னர் வந்த அரசியல் எழுச்சிக்கு அதனை ஒரு முன்னுரையாக மட்டுமே காண்பது போதாது என்பது நம் கருத்து. போர்க்காலத்தில் மருத்துவ உதவி யாருக்கு உரியது என்னும் கேள்வியும் அந்நிகழ்ச்சியினுள் அடங்கியிருக்கிறது.

அக்கேள்விக்கு அன்றைய சர்வதேசச் சட்டம் தந்த விடை மிகக் குறுகியது. 1864ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை, களத்தில் காயமுற்ற படைவீரனையே கருத்திற்கொண்டது. மறு ஆண்டே அதில் இணைந்த உஸ்மானிய அரசு, 1876இல் சிலுவைக்கு மாற்றாகச் செம்பிறையைத் தன் மருத்துவ அணிகளின் சின்னமாக அறிவித்தது. ஆனால் போரினால் ஊரைவிட்டு ஓடும் குடிமக்களுக்கு எச்சின்னத்தின் கீழும் முறையான இடம் இல்லை. அவர்களுக்கெனத் தனி உடன்படிக்கை பிறக்க 1949 வரை ஆயிற்று.

1912 அக்டோபரில் பால்கன் நாடுகள் நான்கும் போர் தொடுத்தன. லூலேபுர்காஸில் உஸ்மானியப் படை தோற்றுப் பின்வாங்கியபோது, திரேஸ் நாட்டு முஸ்லிம்கள் மாட்டுவண்டிகளில் பிள்ளைகுட்டிகளையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு இஸ்தான்புல் நோக்கி வந்தனர். துருக்கியர் அவர்களை முஹாஜிர்கள் என்றே அழைத்தனர். நகரத்துப் பள்ளிவாசல்கள் அவர்களுக்குத் தங்குமிடங்களாயின. படையினரிடையே காலரா பரவிற்று. சத்தால்ஜா அரண்வரிசையில் துப்பாக்கிக்குத் தப்பியவர் பலர் அந்நோய்க்குத் தப்பவில்லை. அப்போது பள்ளிவாசலாக இருந்த அயா சோஃபியாவே காலரா நோயாளிகளின் கூடமாயிற்று. இத்தகைய இடத்தில் அறுவை மருத்துவரின் கத்தி என்ன செய்யும்? வேண்டியவை தூய நீர், கழிப்பிடம், சூடான உணவு, போர்வை. காயத்திற்குக் கட்டுப்போடுவதைவிட இவற்றை ஒழுங்குசெய்வது கடினமான பணி, புகழும் குறைவு.

முஹம்மது அலி தமது ‘காம்ரேட்’ இதழின் வழியே திரட்டிய நன்கொடை இத்தூதுக்குழுவுக்குத் துணைநின்றது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, லண்டன் மருத்துவமனைகளில் பணியாற்றித் திரும்பியவர் அன்சாரி. நம் ஊர்ப் படிப்பு அவ்வளவு தொலைவு சென்று பயன்பட்டதை எண்ணி நாம் சற்றே பெருமை கொள்ளலாம். குழுவினர் காயமுற்ற வீரர்களுக்குப் பணிபுரியச் சென்றனர். அதனைச் செவ்வனே செய்தனர். எனினும் அங்கே அவர்கள் கண்ட பெருந்துயர் முஹாஜிர்களுடையது. அம்மக்களை அனத்தோலியாவில் குடியமர்த்தும் திட்டமொன்றையும் அவர்கள் வகுத்தனர். மருந்துப் பெட்டியுடன் சென்றவர்கள் நிலத்தையும் வீட்டையும் பற்றிச் சிந்திக்க நேர்ந்ததையே இத்தூதின் மிக முக்கியமான பகுதியாக நாம் கருதுகிறோம். நோயாளிக்குத் திரும்பிச் செல்ல வீடில்லையெனில் அவரை எங்கே அனுப்புவது?

1913 ஜூலையில் அன்சாரி நாடு திரும்பினார். குழுவில் இளைஞரான அப்துர் ரஹ்மான் பெஷாவரி துருக்கியிலேயே தங்கி, பின்னாளில் காபூலில் அந்நாட்டின் தூதரானார். 1914இல் மூண்ட உலகப் போர் குடியமர்த்தும் முயற்சிகளைப் பின்தள்ளிவிட்டது. பால்கனிலிருந்து அவ்வாறு வந்து குடியேறியோர் 4 லட்சத்துக்கும் அதிகம் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. வழியிலேயே மாண்டவர்கள் அக்கணக்கில் இல்லை.