காப்பியமும் ஆலையும்: மாடர்ன் தியேட்டர்ஸ் வரலாற்றில் ஒரு கூறு

வந்தவாசியை அடுத்த தெள்ளாறு, இன்று தெள்ளார் என வழங்குவது, தமிழ் பயில்வோர்க்கு மூன்றாம் நந்திவர்மனின் வெற்றியால் அறிமுகமான ஊராகும். கி.பி. 9-ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்த அப்போரைக் கல்வெட்டுகளும் குறிக்கின்றன. ஆயினும் அவன் பெயரைப் புலவர் நாவில் நிறுத்தியது நந்திக் கலம்பகமே எனலாம். புரந்தவனை நூல் காத்தது. அவ்வூரைச் சூழ்ந்த ஆரணிப் பகுதியின் பட்டுத்தறி ஓசையைக் கேட்குந்தோறும் நம் நினைவு பிற்காலப் புரவலர் ஒருவர்பாற் செல்கின்றது. அவரும் நூலோடு தொடர்புடையவரே. ஆனால் அது தறியில் ஓடும் நூல்.

திருச்செங்கோட்டில் நூல் வணிகக் குடும்பத்தில் தோன்றிய டி. ஆர். சுந்தரம் (1907–1963), இங்கிலாந்து சென்று லீட்ஸ் நகரில் நெசவுத் தொழிற்கல்வி பெற்றவர். தமிழ்ப் பேசும்படம் எடுப்போர் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் நடந்துகொண்டிருந்த காலத்தில், சேலத்தில் ஏற்காடு சாலையில் அவர் மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவினார். 1937-இல் 'சதி அகல்யா' வெளிவந்தது. மலையாளத்தின் முதற் பேசும்படமான 'பாலன்' (1938), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) ஆகியன அந்நிறுவனத்தின் ஆக்கங்களே. இவை பலரும் அறிந்தவை, விரித்தல் வேண்டா.

நம் கருத்துக்குரியது அதன் தொழின்முறையாகும். ஏறத்தாழ அதே ஆண்டுகளில் இலண்டனுக்கு அருகே அலெக்சாந்தர் கோர்டா, காப்புறுதி நிறுவனம் ஒன்றன் பெரும்பணத்தைக் கொண்டு டென்காம் படநிலையத்தை எழுப்பினார். 1936-இல் திறக்கப்பெற்ற அது சில ஆண்டுகளிலேயே அவர் கையை விட்டு நீங்கிற்று. சேலத்துப் படநிலையமோ நெசவாலையின் ஒழுங்கில் நடந்தது. படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவுக் கூடம், படச்சுருள் கழுவுமிடம் யாவும் ஒரே வளாகத்துள் அமைந்தன. தொழிலாளர் திங்கள் ஊதியம் பெற்றனர். காலந்தவறாமை கடுமையாகப் பேணப்பட்டது. ஒரு படம் முடியுமுன் அடுத்த படத்துக்குப் பாவு விரிக்கப்பட்டது எனின் மிகையன்று. 100-க்கு மேற்பட்ட படங்கள் வெளிவந்தமைக்குக் காரணம் இவ்வொழுங்கேயாம்.

ஓயாது இயங்கும் ஆலைக்கு ஓயாது கதை வேண்டும். அத்தேவையே இந்நிறுவனத்தைத் தமிழிலக்கியத்தின்பால் திருப்பியது என நாம் கருதுகிறோம். 1942-இல் வந்த 'மனோன்மணி', பேராசிரியர் சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயத்தைத் தழுவியது. படிப்பதற்கென்று 1891-இல் வெளியிடப்பெற்ற நாடகம் அரை நூற்றாண்டு கழித்துத் திரைக்கு வந்தது. பாரதிதாசனின் 'எதிர்பாராத முத்தம்' 1950-இல் 'பொன்முடி' ஆயிற்று. அவ்வாண்டிலேயே குண்டலகேசிக் கதையினின்று மு. கருணாநிதி ஆக்கிய 'மந்திரி குமாரி'யும், 1952-இல் பாரதிதாசன் எழுத்தில் 'வளையாபதி'யும் வெளிவந்தன.

இவ்விறுதி இரண்டும் ஆராயத்தக்கன. ஐம்பெருங் காப்பியங்களுள் மறைந்துபோனவை இவ்விரண்டே. குண்டலகேசியில் நமக்கு எஞ்சியவை 19 பாடல்கள், வளையாபதியில் 72. முழுநூல் இல்லாமை புலவர்க்கு இழப்பு. படமெடுப்போர்க்கோ அது வசதி. பெயர்ப்பெருமை உண்டு, கதையின் எலும்புக்கூடு உண்டு, சிதைத்தீர் என்று ஒப்பிட்டுக் குறைகூற மூலம் இல்லை. மலைமேல் தள்ளிக் கொல்ல முயலும் கணவனை வலம்வருவதாகக் கூறி மனைவி தள்ளிவிடும் நிகழ்ச்சியை 'மந்திரி குமாரி' விடாது கொண்டது. பௌத்தச் சமயவாதமாகிய காப்பிய உயிரை அது விட்டது. அவ்விடத்தில் அரசகுருவின் சூழ்ச்சி புகுந்தது. 1950-ஆம் ஆண்டின் தமிழகத்தில் இம்மாற்றத்தின் பொருள் எளிதில் விளங்கியிருக்கும்.

இவை இலக்கியத் தொண்டு எனப் போற்றுவாரும் உளர், வணிகம் என ஒதுக்குவாரும் உளர். ஒதுக்குவோர் பெரும்பாலும் நம் துறையினரே. வணிகம் என்பதில் நமக்கும் ஐயமில்லை. ஆயினும், புலவன் மன்னனிடம் பெற்ற பரிசிலைப் பக்கம்பக்கமாக ஆராயும் நாம், எழுத்தாளன் திங்கள் ஊதியம் பெற்று ஆலைக்குள் அமர்ந்து உரையாடல் எழுதிய நிலையை ஆராயாது விடுதல் முறையன்று. அடுக்குமொழி நடை பாமரர் செவிக்குப் பழகியதில் அந்த ஆலைக்கும் பங்குண்டு. திரையரங்க வாயிலில் விற்கப்பட்ட பாட்டுப் புத்தகங்கள் நூலகங்களில் தொகுக்கப்படாமல் பழம்பொருள் சேர்ப்போரின் பெட்டிகளில் கிடக்கின்றன. புறத்திரட்டு இல்லையேல் குண்டலகேசி நமக்குப் பெயரளவே. இதனை நன்கறிந்த துறை இத்தாள்களை எறிவது வியப்பே.

1963-இல் சுந்தரம் மறைந்தார். மகன் இராமசுந்தரம் காலத்தில் நிறுவனம் துப்பறியும் கதைகளையே பெரிதும் நாடிற்று. 'வல்லவனுக்கு வல்லவன்' (1965), 'வல்லவன் ஒருவன்' (1966) ஆகியன அவ்வகையின. காப்பியங்களின்பால் அது மீளவில்லை. படநிலையத்தின் நுழைவாயில் வளைவு மட்டும் ஏற்காடு சாலையில் எஞ்சியுள்ளது.