அறிந்தும் அறியாத நிறுவனம்: ஜெனரல் மோட்டார்ஸின் வரலாற்றில் தகவலும் பொறுப்பும்

2010இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் நேர்ந்த ஒரு விபத்து மரணம் வழக்காயிற்று. அந்த வழக்குக்காகத் தனியார் பொறியாளர் ஒருவர் இரண்டு இக்னிஷன் சுவிட்சுகளைப் பிரித்து அருகருகே வைத்துப் பார்த்தார். ஒன்று விபத்துக்குள்ளான 2005ஆம் ஆண்டு மாடல் ஷெவர்லே கோபால்ட் காரிலிருந்து கழற்றியது. மற்றது அதே காருக்கான உதிரிப்பாகமாகப் புதிதாக வாங்கியது. இரண்டுக்கும் பாக எண் ஒன்றே. ஆனால் சாவியை அதன் நிலையில் பிடித்து நிறுத்தும் சிறு முளை புதிய சுவிட்சில் சற்றே நீளமாக இருந்தது. அதனால் சாவியைத் திருப்பக் கூடுதல் விசை வேண்டியிருந்தது. பழையதில் சாவி எளிதாகப் புரண்டது. ஓட்டுநரின் முழங்கால் பட்டாலோ, கனத்த சாவிக்கொத்து குலுங்கினாலோ போதும்: ஓடும் காரில் இயந்திரம் நின்றுவிடும், பவர் ஸ்டீயரிங் போய்விடும், மோதலின்போது ஏர்பேக் விரியாது.

சுவிட்சை மாற்றியமைக்க 2006 ஏப்ரலிலேயே ஜெனரல் மோட்டார்ஸுக்குள் ஒப்புதல் தரப்பட்டிருந்தது. பாக எண் மட்டும் மாற்றப்படவில்லை. அதனால், 2007 மாடலுக்குப் பிந்தைய கார்களில் ஏர்பேக் விரியாத விபத்துகள் ஏன் இல்லாமற்போயின என்பது பிடிபடாமல் நிறுவனத்தின் சொந்த விசாரணையாளர்களே ஆண்டுக்கணக்கில் தடுமாறினார்கள். குறையுள்ள கார்களைத் திரும்பப் பெறும் பணி 2014 பிப்ரவரியில்தான் தொடங்கியது. இந்தக் குறையால் நேர்ந்தவை என்று இழப்பீட்டு நிதியம் பின்னர் ஏற்றுக்கொண்ட மரணங்கள் 124.

ஜெனரல் மோட்டார்ஸின் வரலாற்றை எழுதுவோர் வழக்கமாக ஒரு எழுச்சியையும் ஒரு சரிவையும் சொல்வார்கள். ஆல்ஃப்ரெட் ஸ்லோன் காலத்தில் அறிவார்ந்த நிர்வாகம். அவருக்குப் பின் வந்த நிதித்துறைக்காரர்களின் கையில் சீரழிவு. இந்தப் பிரிப்பை என்னால் ஏற்க முடியவில்லை. 2006இல் ஒரு பாக எண் மாறாமல் போனதற்கும் 1920களில் ஸ்லோன் அமைத்த ஒழுங்குக்கும் இடையே நேரான தொடர்பு உண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம். எந்த அறிவு மேலே ஏற வேண்டும், எது கீழேயே தங்கிவிடலாம் என்பதை அந்த ஒழுங்கு தொடக்கத்திலேயே வகுத்துவிட்டது.

ஸ்லோன் எதற்கு விடை தேடினார் என்பதை முதலில் பார்க்க வேண்டும். மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளிண்ட் நகரில் குதிரை வண்டி செய்து செல்வந்தரான வில்லியம் டியூரன்ட், 1908 செப்டம்பர் 16இல் வெறும் 2,000 டாலர் பதிவு மூலதனத்துடன் இந்த நிறுவனத்தைத் தொடங்கினார். பியூக், ஓல்ட்ஸ்மொபீல், ஓக்லண்ட், கேடிலாக் என்று அடுத்தடுத்து வாங்கிச் சேர்த்தார். 1910இல் கடன் கொடுத்த வங்கிகள் அவரை ஒதுக்கின. ஷெவர்லேயைத் தொடங்கி, அதன் பலத்தில் 1916இல் மீண்டும் ஜெனரல் மோட்டார்ஸைக் கைப்பற்றினார். துணிச்சலில் அவருக்கு இணையில்லை. கணக்கில்தான் கோட்டை விட்டார். பிரிவுகள் ஒவ்வொன்றும் தனித்தனியே பணத்தை வைத்திருந்தன. தலைமையகத்துக்குப் பணம் வேண்டுமென்றால் பியூக் பிரிவிடம் எவ்வளவு இருக்கும் என்று ஊகித்துக்கொண்டு போய்க் கேட்க வேண்டியிருந்தது. 1920இல் சந்தை சரிந்தபோது, தன்போக்கில் வாங்கிக் குவித்த கச்சாப் பொருள்களோடு பிரிவுகள் சிக்கிக்கொண்டன. பங்கு விலையைத் தாங்கிப் பிடிக்க முயன்று டியூரன்ட் தன் சொத்தையே இழந்து, அந்த ஆண்டு நவம்பரில் வெளியேறினார். பொறுப்பு பெரும் பங்குதாரரான டு பான்ட் குடும்பத்தின் கைக்குப் போனது. 1923இல் ஸ்லோன் தலைவரானார்.

அவர் செய்த சீர்திருத்தம் மேலாண்மைக் கல்வியில் இன்றும் பாடம். பிரிவுகள் தயாரிப்பையும் விற்பனையையும் தாமே நடத்தும். கொள்கையை மையக் குழுக்கள் வகுக்கும். டு பான்டிலிருந்து வந்த டொனால்ட்சன் பிரவுன் வடிவமைத்த கணக்குமுறைப்படி, முதலீட்டுக்குக் கிடைக்கும் வருவாய் விகிதத்தால் ஒவ்வொரு பிரிவும் அளக்கப்படும். பீட்டர் டிரக்கர் 1946லும் ஆல்ஃப்ரெட் சாண்ட்லர் 1962லும் எழுதிய நூல்கள் இந்த அமைப்பை நவீன நிறுவனத்தின் முன்மாதிரியாக நிலைநாட்டின.

1924இல் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். அந்த வசந்த காலத்தில் விற்பனை மந்தமாக இருந்தும் பிரிவு மேலாளர்கள் உற்பத்தியைக் குறைக்கவில்லை. ஸ்லோன் நேரில் கிளம்பினார். செயின்ட் லூயிஸ், கான்சஸ் சிட்டி, லாஸ் ஏஞ்சலஸ் என்று போய் டீலர்களின் இடத்தில் நின்று பார்த்தார். விற்காத கார்கள் நெருக்கியடித்து நின்றன. தாளில் இருந்த கணக்கு சொல்லாததைக் கண் சொன்னது. உடனே உற்பத்தியைக் குறைக்க உத்தரவிட்டார்.

இதிலிருந்து இரண்டு பாடங்களில் ஒன்றை அவர் எடுத்துக்கொண்டிருக்கலாம். தலைமையில் இருப்பவர் களத்தில் போய் நிற்க வேண்டும் என்பது ஒன்று. இனிமேல் போகத் தேவையில்லாத அளவுக்குக் கணக்கைச் செப்பனிட வேண்டும் என்பது மற்றொன்று. ஸ்லோன் தனிப்பட்ட முறையில் டீலர்களைச் சந்திப்பதை விடவில்லை. ஆனால் நிறுவனம் என்ற அமைப்புக்குள் அவர் பதித்தது இரண்டாவது பாடத்தை. ஒவ்வொரு டீலரும் பத்து நாளுக்கு ஒருமுறை விற்பனையையும் இருப்பையும் தெரிவிக்க வேண்டும் என்ற முறை வந்தது. அது அருமையான ஏற்பாடு. 1930களின் பெருமந்தத்தில் நிறுவனம் நிலைத்து நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். ஆயினும் எண்ணாக மாற்ற முடிந்த செய்தி மட்டுமே அந்த வழியில் பயணம் செய்தது.

எண்ணாக மாறாத செய்தி என்ன ஆயிற்று? 1929இல் டு பான்ட் நிறுவனத் தலைவர் லாமொட் டு பான்டுக்கும் ஸ்லோனுக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்து இதற்குச் சான்று. மோதலில் சிதறி முகத்தைக் கிழிக்காத பாதுகாப்புக் கண்ணாடியை ஷெவர்லே கார்களில் பொருத்தலாமே என்றார் டு பான்ட். அந்தக் கண்ணாடிக்கான பொருளை விற்பதில் அவருக்கு வணிக நலன் இருந்தது உண்மைதான். ஆனாலும் ஸ்லோனின் மறுமொழி தெளிவானது. விபத்து நடக்கிறதோ இல்லையோ, தாம் பார்க்க வேண்டியது லாப நட்டத்தையே என்று எழுதினார். விலை உயர்ந்த கேடிலாக் காரில் அந்தக் கண்ணாடி இருந்தது, ஷெவர்லேயில் இல்லை. மில்ஃபோர்டில் பெரும் சோதனைத் திடல் அமைத்து, தன் காரைப் பற்றி வேறெவரையும்விட நன்கறிந்திருந்த நிறுவனத்தின் முடிவு இது. கண்ணாடி என்ன செய்யும் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த அறிவுக்கு வருவாய் விகிதத்தில் இடமில்லை, அவ்வளவுதான். பொற்காலம் என்று நாம் படிக்கும் காலத்தின் நடுவிலேயே இது நடந்தது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஸ்லோனின் நிர்வாகம் பாடநூல் சொல்வதுபோல் கறாரானது அல்ல. பிரிவு மேலாளர்களைக் கொள்கைக் குழுக்களில் அமர்த்தி அவர்களது இசைவைப் பெற்றதுதான் அதன் பலம். 1958க்குப் பிறகு நிதித்துறை அந்தப் பங்கேற்பை ஒழித்ததால்தான் சரிவு வந்தது என்று ராபர்ட் ஃப்ரீலேண்ட் 2001இல் வெளிவந்த தம் நூலில் வாதிடுகிறார். ஆவணங்களை நுணுகிப் படித்து எழுதிய நூல் அது; மேலாளர்களைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரியென்றே நினைக்கிறேன். ஆனால் அந்த மேசையில் யார் யாருக்கு நாற்காலி இல்லை என்று கேட்டால் படம் மாறுகிறது. உற்பத்தி வரிசையில் நின்ற தொழிலாளிக்கு இல்லை. காரை ஓட்டியவருக்கும் இல்லை.

தொழிலாளியின் கதை ஃபிளிண்டில் வெடித்தது. 1936 டிசம்பர் 30இல் ஃபிஷர் பாடி ஆலைகளில் தொழிலாளர்கள் இயந்திரங்களின் அருகே உட்கார்ந்துவிட்டார்கள். வரிசையின் வேகம் தாங்க முடியாதபடி ஏறிக்கொண்டே போவதுதான் அவர்களது பெரிய குறை. ஜனவரி 11 அன்று இரண்டாம் எண் ஆலையில் குளிர்காய்வுக்கான வெப்பத்தை நிறுவனம் நிறுத்தியது. உணவு போகும் வழி அடைக்கப்பட்டது. போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது. உள்ளேயிருந்தவர்கள் தண்ணீர்க் குழாய்களாலும் கதவுக் கீல்களாலும் திருப்பித் தாக்கினார்கள். போராட்டம் தொடங்கிய 44ஆம் நாளில், 1937 பிப்ரவரி 11இல், ஐக்கிய வாகனத் தொழிலாளர் சங்கத்தை நிறுவனம் ஏற்றுக்கொண்டது. வரிசை வேகமாக ஓடுகிறது என்ற ஒரு செய்தியைத் தலைமையகத்துக்குச் சொல்ல, ஆலையையே கைப்பற்ற வேண்டியிருந்தது.

1945 நவம்பரில் தொடங்கிய 113 நாள் வேலைநிறுத்தத்தில் அந்தச் சங்கத்தின் வால்டர் ராய்தர் வைத்த கோரிக்கையைக் கூலிப் பேரமாக மட்டும் படிப்பது போதாது. காரின் விலையை உயர்த்தாமல் 30 விழுக்காடு கூலி உயர்வு வேண்டும். முடியாது என்றால் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்ட வேண்டும் என்றார். நிறுவனம் மணிக்கு 18.5 சென்ட் உயர்வு தந்தது, புத்தகத்தைத் திறக்கவில்லை. 1950இல் ‘டிட்ராய்ட் உடன்படிக்கை’ என்று பெயர்பெற்ற ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் ஓய்வூதியமும் விலைவாசிக்கேற்ற கூலி உயர்வும் உறுதியாயின. அதற்கு ஈடாக, எதை எப்படித் தயாரிப்பது என்பதில் சங்கம் தலையிடாது. தொழிலாளர் குடும்பங்கள் பெற்ற நல்வாழ்வைச் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. என் பார்வையில் அமெரிக்கத் தொழில் வரலாற்றின் பெரும் சாதனைகளுள் அது ஒன்று. ஆனால் வரிசையில் நின்றவர் கண்ட குறை மேலே ஏறுவதற்கான வழி அன்று அடைபட்டது. 1955இல் ஜெனரல் மோட்டார்ஸ், ஓராண்டில் 100 கோடி டாலருக்கு மேல் நிகர லாபம் ஈட்டிய முதல் அமெரிக்க நிறுவனமானபோது, அந்த அடைப்பு யாருடைய கண்ணுக்கும் படவில்லை.

காரை ஓட்டுவோர் சார்பில் ரால்ஃப் நேடர் 1965இல் ஷெவர்லே கோர்வேர் காரின் ஆபத்தைப் பற்றி எழுதியபோது, நிறுவனம் அவரைப் பின்தொடரத் தனியார் துப்பறிவாளர்களை ஏவியது. 1966 மார்ச்சில் அதன் தலைவர் ஜேம்ஸ் ரோச் செனட் குழுமுன் மன்னிப்புக் கேட்டார். அதே காலத்தில் ஸ்லோனின் சொந்த நினைவுநூலுக்கு நேர்ந்ததும் இதே வரிசையில் வைக்கத் தக்கது. நிறுவனத்தின் வழக்கறிஞர்கள், ஏகபோகத் தடைச் சட்ட வழக்குகளில் அது சான்றாகிவிடும் என்று அஞ்சி வெளியீட்டைத் தடுத்தார்கள். உடன் எழுதிய பத்திரிகையாளர் ஜான் மெக்டொனால்ட் வழக்குத் தொடுத்த பிறகே 1964இல் நூல் வெளிவந்தது. நிறுவனத்தை உருவாக்கியவரின் எழுத்தே நிறுவனத்துக்கு ஆபத்தாகத் தெரிந்தது.

இந்த அச்சம் நாற்பதாண்டுகளில் பயிற்சிப் பாடமாகவே ஆயிற்று. 2008இல் ஊழியர்களுக்குக் காட்டிய படவில்லைகளில், அறிக்கைகளில் எழுதக்கூடாத சொற்களின் பட்டியல் இருந்தது. ‘குறைபாடு’ என்று எழுதாமல் ‘வடிவமைத்தபடி செயல்படவில்லை’ என்று எழுத வேண்டும்; ‘சிக்கல்’ என்பதற்கு ‘நிலை’ அல்லது ‘விஷயம்’. அதற்கு முன்பே, 2005 டிசம்பரில் டீலர்களுக்கு அனுப்பிய சேவைக் குறிப்பில், சாவிக்கொத்திலிருந்து கனமான பொருள்களை எடுத்துவிடச் சொன்னார்கள். ஓடும் கார் நின்றுபோகும் என்பதை உணர்த்தும் சொல்லை மட்டும் தவிர்த்தார்கள்.

2014இல் நிறுவனமே வெளியிலிருந்து அமர்த்திய வழக்கறிஞர் ஆன்டன் வலூகாஸின் அறிக்கை இந்த உள்நடப்பை விவரிக்கிறது. 2004லேயே சுவிட்சின் குறை பதிவாயிற்று. ஆனால் அது ‘வாடிக்கையாளர் வசதி’ என்ற வகையில் சேர்க்கப்பட்டது. பாதுகாப்பு என்ற வகையில் விழுந்திருந்தால் செலவைப் பார்க்க முடியாது. வசதி என்பதால் பார்த்தார்கள், கட்டுப்படியாகாது என்று 2005 மார்ச்சில் கோப்பை மூடினார்கள். 2007இல் விஸ்கான்சின் மாநிலப் போலீஸ் அதிகாரி ஒருவர் ஒரு விபத்தை ஆராய்ந்து, சாவி புரண்டதையும் ஏர்பேக் விரியாததையும் இணைத்து எழுதினார். அந்த அறிக்கை நிறுவனத்தின் கோப்பிலேயே ஆண்டுக்கணக்கில் கிடந்தது. கூட்டங்களில் எல்லோரும் தலையசைத்துவிட்டு எதுவும் செய்யாமல் கலைவதற்கும், கைகளைக் குறுக்கே வைத்து விரல்களை இருபுறமும் நீட்டிப் பொறுப்பு அடுத்தவருக்கு என்று காட்டுவதற்கும் ஊழியர்களிடையே தனித்தனிப் பெயர்களே புழங்கின. குழுவால் ஆளும் முறையை ஸ்லோன் உருவாக்கியது, டியூரன்டைப் போன்ற ஒற்றை மனிதரின் விருப்பத்திலிருந்து நிறுவனத்தைக் காக்க. ஒருவர் விருப்பம் செல்லாத இடத்தில், ஒருவர் பொறுப்பும் கரைந்துபோயிற்று.

வேறு வழி இல்லாமல் போய்விடவில்லை. கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் 1982இல் மூடிய ஆலையை, டொயோட்டாவுடன் கூட்டுச் சேர்ந்து 1984இல் ஜெனரல் மோட்டார்ஸ் திறந்தது. பெரும்பாலும் அதே தொழிலாளர்கள், அதே சங்கம். மாறியது தலைக்கு மேல் ஓடிய ஒரு கயிறு. குறையைக் கண்ட எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். குழுத் தலைவர் ஓடி வருவார். உடனே தீராவிட்டால் வரிசை நிற்கும். ஃபிளிண்டில் ஆலையைக் கைப்பற்றிச் செய்ததை இங்கே ஒரு கையால் செய்ய முடிந்தது. தரம் சில ஆண்டுகளிலேயே நிறுவனத்தின் மற்ற ஆலைகளைத் தாண்டியது. பயிற்சி பெற்ற மேலாளர்கள் ஊர் திரும்பியபோது, கயிற்றைக் கொண்டுபோக முடிந்தது. இழுத்தவரை நம்பும் பழக்கத்தைக் கொண்டுபோக முடியவில்லை.

2009 ஜூன் 1இல் நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியது. ஜூலை 10இல், அரசின் 4,950 கோடி டாலர் உதவியோடு புதிய ஜெனரல் மோட்டார்ஸ் பிறந்தது. பழைய உரிமைக் கோரிக்கைகளில் பெரும்பாலானவை பழைய நிறுவனத்தின் எச்சத்தோடு விடப்பட்டன. சுவிட்ச் வழக்குகள் வந்தபோது, இந்தத் தடுப்பைக் காட்டித்தான் புதிய நிறுவனம் வாதாடியது. 2016 ஜூலையில் இரண்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. திவாலுக்கு முன்பே பழைய நிறுவனம் சுவிட்சின் குறையை அறிந்திருந்தது, அல்லது அறிந்திருக்க வேண்டும். ஆகவே கார் வைத்திருந்தவர்களுக்கு நேரடி அறிவிப்பு தந்திருக்க வேண்டும் என்றது. அந்த அறிவு இன்னாரிடம் இருந்தது என்று ஒருவரைச் சுட்டிக்காட்ட வேண்டிய தேவை நீதிமன்றத்துக்கு எழவில்லை. பொறியாளரின் பதிவு, டீலருக்குப் போன குறிப்பு, போலீஸ் அதிகாரியின் அறிக்கை ஆகியவை தனித்தனி அலமாரிகளில் இருந்தாலும், எல்லா அலமாரிகளும் ஒரே நிறுவனத்தினுடையவை.