லண்டன் சொன்னதும் சொல்லாததும்

எட்மண்டனில் எங்கள் பெரியவர்களிடம் எம்.கே. தியாகராஜ பாகவதரின் பெயரைச் சொன்னால் இரண்டு கதைகள் வரும். ஒன்று, 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளி கண்ட கதை. மற்றது, சென்னையில் கொலைக்குற்றவாளி என்று தீர்ப்பானவரை லண்டன் நீதிபதிகள் நிரபராதி என்று விடுவித்த கதை. முதலாவது சரி. இரண்டாவது பாதிதான் சரி.

சி.என். லட்சுமிகாந்தன் 'இந்து நேசன்' என்ற மஞ்சள் பத்திரிகையை நடத்தியவர். நடிகர் நடிகைகளின் அந்தரங்கம்தான் அவருடைய மூலதனம். 1944 நவம்பர் 8ஆம் திகதி, சென்னை வேப்பேரிப் பக்கம் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்தவரைக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் இறந்துபோனார். 'ஹரிதாஸ்' வெளியாகி அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆண்டு முடிவதற்குள் பாகவதர், என்.எஸ். கிருஷ்ணன், இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடு மூவரும் கைதானார்கள். கத்தியெடுத்தது இவர்கள் என்று யாரும் சொல்லவில்லை. பின்னாலிருந்து சதி செய்தார்கள் என்பதே குற்றச்சாட்டு.

1945 மே 3. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி மொக்கெட் முன்னிலையில் ஜூரிகள் தீர்ப்புச் சொன்னார்கள். நாயுடு விடுதலை. பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுள் தீவாந்தர தண்டனை. தீவாந்தரம் என்றால் அந்தமான். அந்தமானோ அப்போது ஜப்பானியர் கையில் இருந்தது. ஆகவே உள்நாட்டுச் சிறைதான்.

இந்த ஜூரி விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் ஒருவரைக் குற்றவாளி என்று சொல்ல ஜூரிகள் பன்னிரண்டு பேரும் ஒருமனதாக இருக்க வேண்டும். பெரும்பான்மைத் தீர்ப்பு இங்கே வந்தது 1967இல்தான். சென்னை உயர் நீதிமன்றத்திலோ ஜூரிகள் ஒன்பது பேர். ஆறு பேர் ஒத்துப்போய், நீதிபதியும் ஏற்றால் போதும். ஒரே முடியாட்சி, இரண்டு அளவுகோல்கள். மேல்முறையீட்டிலும் அப்படியே. அடொல்ஃப் பெக் என்ற மனிதரை ஆள்மாறாட்டத்தில் இரண்டு தடவை தண்டித்துவிட்டு, வெட்கம் தாங்காமல் இங்கிலாந்து 1907இல் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தை உருவாக்கியது. இந்திய உயர் நீதிமன்ற ஜூரிகள் கொடுத்த தீர்ப்பை எதிர்த்து முறையான அப்பீல் உரிமை 1943இல்தான், 411ஏ என்ற புதிய பிரிவாக வந்தது. பாகவதர் வழக்கு வந்தபோது அந்தப் பிரிவுக்கு வயது இரண்டு.

புதிய உரிமையை எப்படிக் கையாள்வது என்பதில்தான் சென்னை இடறியது. 1945 அக்டோபரில் தலைமை நீதிபதி லயனல் லீச்சும் நீதிபதி லட்சுமண ராவும் அப்பீலைத் தள்ளுபடி செய்தார்கள். எஞ்சியிருந்தது பிரிவி கவுன்சில். ஈழத்தில் நாங்கள் கோமறைக் கழகம் என்போம். 'வேலி வழக்கென்றாலும் கோமறைக் கழகம் வரை போவேன்' என்று சபதமிட்ட யாழ்ப்பாணத்தாருக்கு அது பழகிய பெயர். ஆனால் கொலை வழக்கில் அந்தக் கதவு இலேசில் திறக்காது. தாங்கள் இன்னொரு குற்றவியல் அப்பீல் நீதிமன்றம் அல்லர், பாரதூரமான அநீதி நடந்திருந்தால்தான் தலையிடுவோம் என்பது 1887 முதல் அவர்களின் நிலைப்பாடு.

டவுனிங் வீதியில், ஜோன் சோன் வடிவமைத்த அறையில், அங்கி அணியாத நீதிபதிகள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். அவர்கள் தீர்ப்பளிப்பதில்லை, மன்னருக்குப் 'பணிவுடன் ஆலோசனை' கூறுவார்கள். இந்த வழக்கில் அவர்கள் பாகவதர் கொன்றாரா, சதி செய்தாரா என்ற கேள்விக்குள் போகவில்லை. சட்டம் கொடுத்த அதிகாரத்தை உயர் நீதிமன்றம் சரியாகப் புரிந்து பயன்படுத்தவில்லை, அப்பீலை மறுபடி விசாரிக்கட்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். அவ்வளவுதான். 1947 ஏப்ரலில், சாட்சியங்களை மீண்டும் எடைபோட்டு இருவரையும் விடுவித்தவர்கள் நீதிபதிகள் ஹாப்பலும் ஷஹாபுதீனும். விடுதலை கிடைத்தது சென்னையில்.

பழைய சினிமாக்காரரின் வழக்கை நான் இவ்வளவு துருவியதற்குக் காரணம், இங்கே எட்மண்டனில் ஒரு தாய் கேட்ட கேள்வி. அவருடைய மகன் கொலை நடந்த இடத்தில் நின்றவன், குத்தியவன் வேறொருவன், இருவருக்கும் ஆயுள். "லண்டன் கோர்ட் பாகவதரை விட்டதே தம்பி, பிள்ளையை விடாதா?" என்றார்.

அந்தத் தாய்க்குச் சொல்ல வேண்டிய தீர்ப்பு 2016 பெப்ரவரி 18இல் வந்தது. பிரிவி கவுன்சில் இப்போது பாராளுமன்றச் சதுக்கத்தில் மிடில்செக்ஸ் கில்டுஹோலில், உச்ச நீதிமன்றத்தோடு ஒரே கூரையின் கீழ் இருக்கிறது. எட்மண்டன் 1965 வரை மிடில்செக்ஸ் மாவட்டம். அந்த மாவட்டத்தின் குற்ற வழக்குகள் விசாரிக்கப்பட்ட கட்டடமும் அதுவே. அங்கேதான் ஜோகி என்ற இங்கிலாந்து வழக்கும் ருடொக் என்ற ஜமெய்க்கா வழக்கும் ஒன்றாகத் தீர்ந்தன. கூட்டாளி கொல்லக்கூடும் என்று முன்கூட்டி உணர்ந்திருந்தாலே கொலைக்குற்றம் என்ற விதி பிழையானது, 1984இல் ஹொங்கொங் வழக்கொன்றில் பிரிவி கவுன்சிலே வழிதவறிப் போட்ட விதி அது, என்றார்கள் நீதிபதிகள். முப்பத்திரண்டு வருடம்.

ஆனாலும் சிறைக்கதவுகள் திறந்துவிடவில்லை. தீர்ப்பிலிருந்து 28 நாட்களுக்குள் அப்பீலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்தக் காலம் கடந்தவர்கள், சட்டம் மாறியதைக் காட்டினால் மட்டும் போதாது, தங்களுக்குக் கணிசமான அநீதி நேர்ந்தது என்றும் நிறுவ வேண்டும். பலரால் அது முடியவில்லை. ஜோகிகூட மறுவிசாரணையில் கொலைக்குற்றத்திலிருந்து தப்பி, மரணம் விளைவித்த குற்றத்துக்குத் தண்டனை பெற்றார்.

இதையெல்லாம் அந்தத் தாயிடம் சொன்னேன். பாகவதர் வெளியே வந்த பிறகு எப்படி இருந்தார் என்று கேட்டார். கிருஷ்ணன் மறுபடி சிரிக்கவைத்தார், 1957இல் போனார். பாகவதருக்கு 1948இல் 'ராஜமுக்தி' வந்தது, ஓடவில்லை. அதற்குப் பிறகு பழைய புகழ் திரும்பவேயில்லை. 1959 நவம்பரில் இறந்தபோது அவருக்கு நாற்பத்தொன்பது வயது.